கணுக்கால் பனியில் இரண்டரை மணி நேரம்

ஆழ்பனிக் காலத்தில் நெடுந்தூர ஓட்டப் பயிற்சி செய்வது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறோம்.

கே: வசந்தகாலத்தில் மாரத்தான் ஓடப்போகிறேன். அட்டவணைப்படி இந்த ஞாயிறு 28 கி.மீ. ஓட வேண்டும். பாதை முழுக்கக் கணுக்காலுக்கு மேல் பனி கிடக்கிறது. தூரத்தை முடித்தே ஆக வேண்டுமா?

ப: வேண்டாம். அன்றைக்குக் கிலோமீட்டரை மறந்துவிட்டு நேரத்தைக் கணக்கு வையுங்கள். வறண்ட சாலையில் அந்த 28 கி.மீ. உங்களுக்கு 2 மணி 45 நிமிடம் பிடிக்கும் என்றால், பனியில் இரண்டரை மணி நேரம் கால்கள் இயங்கினால் போதும். கைக்கடிகாரம் 20 கி.மீ. என்றுகூடக் காட்டாமல் போகலாம். அதை ஈடுகட்ட மறுநாள் ஓடாதீர்கள். இதயத்துக்கும் தொடைகளுக்கும் சேர வேண்டிய உழைப்பு சேர்ந்துவிட்டது.

பனியில் ஒவ்வோர் அடிக்கும் பாதம் முதலில் புதைகிறது, பிறகு அதைத் தூக்கி எடுக்க வேண்டியிருக்கிறது, உந்தும்போது பின்னால் வழுக்குகிறது. 15 செ.மீ. புதையும் பனியில் அதே வேகத்தில் வெறுமனே நடந்தாலே உடம்பு இரண்டு மடங்குக்கு மேல் சக்தி செலவழிக்கும். அதில் உங்கள் வழக்கமான கிலோமீட்டர் வேகத்தைப் பிடிக்க முயன்றால் அது நெடுந்தூர ஓட்டமாக இராது, பந்தயமாகிவிடும். இதயத்துடிப்பைப் பார்த்து ஓடுங்கள். இல்லாவிட்டால் முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்று பாருங்கள். குளிரில் தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்குவதால், மணிக்கட்டில் ஒளியை வைத்துத் துடிப்பை அளக்கும் கடிகாரங்கள் தப்புக் காட்டும். மார்புப் பட்டை நம்பகமானது. கட்டுவதற்கு முன் அதன் உள்பக்கத்தை ஈரப்படுத்திக்கொள்ளுங்கள்.

வேகத்தைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பனியில் ஓடுபவருக்கு வரும் ஆபத்துகளில் பெரும்பாலானவை ஒரே வரிசையில் வருகின்றன. முதல் 40 நிமிடம் வேகமாகப் போகிறார், உள்ளாடை வியர்வையில் நனைகிறது, இரண்டாவது மணி நேரத்தில் களைத்து நடக்கத் தொடங்குகிறார், நனைந்த உடம்பு குளிர்கிறது. 70 கிலோ எடையுள்ள ஒருவர் மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் ஓடினால் மணிக்கு ஏறத்தாழ 700 கலோரி எரிக்கிறார். அதில் பெரும்பங்கு வெப்பமாக வெளியேறுகிறது. அவரே நடக்கத் தொடங்கினால் அந்த வெப்பம் பாதிக்கும் கீழே போய்விடும். உடையோ அதே உடைதான், அதுவும் ஈரமாக. கீழே வரும் பதில்கள் பலவற்றில் இதே கணக்கு திரும்பத் திரும்ப வருவதைப் பார்ப்பீர்கள்.

கே: மைனஸ் 12 டிகிரியில் எத்தனை அடுக்கு உடை போட வேண்டும்?

ப: வீட்டு வாசலில் நின்று ஐந்து நிமிடம் லேசாகக் குளிர வேண்டும். அதுதான் சரியான உடை. வெப்பமானி காட்டுவதைவிடப் பத்து டிகிரி கூடுதல் என்று நினைத்து உடுத்துங்கள். வாசலிலேயே கதகதப்பாக இருந்தால் இருபதாவது நிமிடத்தில் வியர்த்துக் கொட்டும்.

மைனஸ் 12-க்கு, காற்று அதிகமில்லை என்றால், மேலுக்கு இரண்டு அடுக்கு போதும். உடம்பை ஒட்டியது மெல்லிய மெரினோ கம்பளி அல்லது பாலியெஸ்டர். அதற்கு மேல் காற்றைத் தடுக்கும் மெல்லிய ஜாக்கெட். ஜிப் கழுத்திலிருந்து மார்பு வரை இறங்க வேண்டும், ஏனென்றால் உங்கள் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் குழாய் அந்த ஜிப்தான். ஏற்றத்தில் திறவுங்கள், இறக்கத்தில் மூடுங்கள், வியர்க்கும்வரை காத்திருக்காதீர்கள். மைனஸ் 18-க்குக் கீழே நடுவில் ஒரு மெல்லிய கம்பளி அடுக்கு சேரலாம். மழைக்கோட்டு போல முழுக்க நீர்புகா ஜாக்கெட் வேண்டாம். வியர்வையின் ஆவி உள்பக்கமே உறைந்து படியும்.

பருத்தி எங்கேயும் கூடாது. காலுறையிலும் உள்ளாடையிலும்கூடக் கூடாது. நீர் காற்றைவிட 25 மடங்கு வேகமாக உடம்பு வெப்பத்தைக் கடத்தும். பருத்தி அந்த நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

ஒன்றரை மணி நேரத்துக்கு மேற்பட்ட ஓட்டம் என்றால் முதுகுப்பையில் ஓர் உலர்ந்த மேல் உள்ளாடை, சுருட்டி அடக்கக்கூடிய இறகு அல்லது செயற்கைப் பஞ்சு ஜாக்கெட், இன்னொரு ஜோடி கையுறை மூன்றையும் நீர் புகாத பையில் கட்டி வைத்திருங்கள். கணுக்கால் பிசகி நடந்தே திரும்ப வேண்டி வந்தால் உங்களைக் காப்பாற்றுவது இந்த அரைக் கிலோ சுமைதான். ஆட்கள் நடமாட்டமில்லாத பாதையில் இதை விட்டுவிட்டுப் போவதை நாங்கள் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டோம்.

கைக்கு ஐந்து விரலும் பிரிந்த உறையைவிட நான்கு விரலும் சேர்ந்திருக்கும் மிட்டன் அதிக வெப்பம் தரும். உள்ளே மெல்லிய கையுறை, வெளியே காற்றுத்தடுப்பு மிட்டன் என்று போட்டால், ஜிப்பைப் பிடிக்க வெளியுறையை மட்டும் கழற்றலாம். கழற்றும்போது கீழே விழாமல் இருக்க மணிக்கட்டுக் கயிறு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். கையைச் சூடாக்க உறைக்குள் வைக்கும் சூட்டுப் பொட்டலங்களை வெளியே போவதற்குப் பத்து நிமிடம் முன்பே பிரித்துக் குலுக்கி வையுங்கள். அதிலுள்ள இரும்புத்தூள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்துதான் சூடாகும். பிரித்த உடனே இறுக்கமான மிட்டனுக்குள் திணித்தால் சரியாகச் சூடேறாது.

கே: நான் ஆண். அந்தரங்கப் பகுதி மரத்துப்போகிறது. கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

ப: கூச்சப்பட ஒன்றுமில்லை. இப்படி ஓடப்போய்ப் பனிக்கடி, அதாவது குளிரில் சதை உறைந்துபோவது, பட்டவரைப் பற்றி 1977-லேயே ஒரு புகழ்பெற்ற மருத்துவ இதழில் கடிதம் வந்திருக்கிறது. எதிர்க்காற்று மெல்லிய கால்சட்டையைத் துளைப்பதுதான் காரணம். முன்பக்கம் மட்டும் காற்றுத்தடுப்புத் துணி வைத்துத் தைத்த ஓட்ட உள்ளாடைகள் கிடைக்கின்றன. அது இல்லாத அன்று கால்சட்டைக்கு மேல் காற்றுத்தடுப்பு அரைக்கால்சட்டை போடுங்கள். பெண்களுக்குத் தொடை முன்பக்கமும் பிட்டமும் இதே மாதிரி சிவந்து மரக்கும். அதற்கும் இதே அரைக்கால்சட்டைதான் தீர்வு.

கே: நீர்புகா ஷூ வாங்கலாமா? சாதாரண ஷூவில் திருகாணி அடித்து ஓடுகிறார்களே, அது சரிப்படுமா?

ப: முதலில் நீர்புகா ஷூ. பாதை மிதிபட்டு இறுகிய பனியாக இருந்தால் நல்லது. ஆழ்பனியில் பனி வருவது கணுக்கால் வழியாக. உள்ளே வந்து உருகிய நீர் வெளியேற வழியில்லாமல் ஷூ வாளியாகிவிடும். ஆகவே எந்த ஷூ போட்டாலும் அதன் வாயை மூடும் கணுக்கால் உறை, அதாவது கெய்ட்டர், கட்டாயம். கெய்ட்டர் இருந்தால் மைனஸ் 8, 10-க்குக் கீழே சாதாரண மலைப்பாதை ஷூவே போதும். அந்தக் குளிரில் பனி உலர்ந்த மாவு போல இருக்கும், சீக்கிரம் நனைக்காது. நனைத்து எடுப்பது பூஜ்ஜியத்தை ஒட்டிய சொதசொதப்புப் பனிதான். மைனஸ் 10-ல் ஓடுவதைவிட, பிளஸ் 1-ல் மழையும் பனியும் கலந்து கொட்டும் நாளில் ஓடுவது ஆபத்து என்று சொன்னால் பலர் நம்புவதில்லை.

தடித்த கம்பளிக் காலுறை போடுவதால் ஷூ அரை அளவு பெரிதாக இருக்கட்டும். இரண்டு காலுறையைத் திணித்து இறுக்கினால் ரத்த ஓட்டம் குறைந்து விரல்கள் இன்னும் குளிரும்.

திருகாணி விஷயம். பனிக்கு அடியில் பனிக்கட்டி ஒளிந்திருக்கும் சாலைக்கு இது மலிவான, நல்ல வழி. தகரத்தில் அடிக்கும் அறுகோணத் தலைத் திருகாணி வேண்டும், நீளம் 9 முதல் 10 மி.மீ. தலையின் விளிம்பு உயர்ந்திருக்க வேண்டும், பனிக்கட்டியைக் கடிப்பது கூர்முனை அல்ல, அந்த விளிம்புதான். பழைய, சோல் தடித்த ஷூவை எடுத்துக்கொள்ளுங்கள். காற்றறை, ஜெல், கார்பன் தகடு உள்ள ஷூ ஆகாது. முன்பாதத்தின் ஓரத்தைச் சுற்றி ஏழெட்டு, குதிகால் ஓரத்தில் நாலைந்து, சோலில் புடைத்திருக்கும் ரப்பர்க் கட்டைகளின் மேலேயே வரட்டும். பெருவிரல் மூட்டு அழுந்தும் நடுப்பகுதியை விட்டுவிடுங்கள், அங்கே அடித்தால் ஒவ்வோர் அடிக்கும் உறுத்தும். முன்துளை போடாமல் மின்துரப்பணத்தை மெதுவான வேகத்தில் வைத்துத் திருகுங்கள். தலை ரப்பரில் உட்கார்ந்தவுடன் நிறுத்துங்கள். அதற்கு மேல் திருகினால் ரப்பர் பிய்ந்து பிடி போய்விடும். முடித்ததும் ஷூவுக்குள் கைவிட்டுத் தடவிப் பாருங்கள். முனை தட்டுப்பட்டால் அந்தத் திருகாணியைக் கழற்றிவிட்டுக் குட்டையானதைப் போடுங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் எண்ணிப் பாருங்கள், ஒன்றிரண்டு உதிர்ந்திருக்கும். அதே ஷூவோடு வீட்டுத் தரை ஓட்டில் கால் வைக்காதீர்கள். பனிக்கட்டியில் நிற்கும் அதே உலோகம் பளிங்குத் தரையில் சறுக்கிவிடும்.

ஷூவுக்கு மேல் மாட்டும் சங்கிலி முள் உறைகள், இறுகிய பனிக்கும் சரிவான பனிக்கட்டிக்கும் இன்னும் பிடிமானமானவை. ஈரப்பனியில் மட்டும் முட்களுக்கிடையே பனி உருண்டு கட்டியாகிவிடும், அப்போது தட்டி உதற வேண்டும். தளர்ந்த, முழங்காலளவுப் பனியில் திருகாணி, சங்கிலி இரண்டுமே பயனில்லை. அங்கே பாதம் புதையாதபடி அகலமான தட்டுள்ள பனித்தட்டுக் காலணி அணியுங்கள், அல்லது பாதையை மாற்றுங்கள்.

கே: இடுப்பு முன்பக்கமும் உள்தொடையும் மூன்று நாள் வலிக்கிறது. குதிகால் நரம்பும் இழுக்கிறது. நான் ஓடும் முறை தப்பா?

ப: இடுப்பும் உள்தொடையும் வலிப்பது எதிர்பார்க்கக்கூடியதே. ஒவ்வோர் அடிக்கும் முழங்காலை உயர்த்துவதால் இடுப்பின் முன்தசையும், பக்கவாட்டுச் சறுக்கலைத் தடுப்பதால் உள்தொடையும் பழக்கமில்லாத வேலையைச் செய்கின்றன. முதல் பனி ஓட்டத்தை ஒரு மணி நேரத்தோடு நிறுத்தி, வாரத்துக்கு 15, 20 நிமிடம் கூட்டிக்கொண்டே போனால் பழகிவிடும்.

குதிகால் நரம்பை, அதாவது அக்கிலீஸ் தசைநாரை, அலட்சியப்படுத்தாதீர்கள். விரல்நுனியால் தரையைப் பின்னால் தள்ளும்போது கால் வழுக்குகிறது, உடனே கெண்டைக்கால் வெடுக்கென்று இழுத்துப் பிடிக்கிறது. இதுவே ஆயிரக்கணக்கான தடவை நடக்கிறது. அடியைச் சுருக்குங்கள். பாதம் உடம்புக்கு நேர் கீழே, தட்டையாக இறங்கட்டும். பின்னால் தள்ளாமல் மேலே தூக்குங்கள். ஏற்றத்தில் வழுக்கினால் நடங்கள். முன்னால் யாராவது போன தடம் இருந்தால் அதில் கால் வையுங்கள். மேலோடு இறுகி அடியில் தளர்ந்த பனி மிகவும் மோசம், ஒரு கால் நிற்கும், அடுத்த கால் முழங்கால்வரை இறங்கும், ஓட்டின் விளிம்பு முன்காலைக் கீறும். அது மாதிரிப் பாதை வந்தால் திரும்பிவிடுவதே நல்லது. காலையில் குதிகால் இறுகி வலித்தால், அந்த வாரம் பனி ஓட்டம் வேண்டாம்.

கே: ஒரு மணி நேரத்தில் தண்ணீர் உறைந்துவிடுகிறது. பனியைச் சாப்பிடலாமா?

ப: கூடாது. ஒரு லிட்டர் நீருக்கான பனியை உருக்கி உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவர உடம்பு சுமார் 115 கலோரி வெப்பத்தைக் கொடுக்க வேண்டும். புதுப் பனியில் பெரும்பங்கு காற்று. பத்து லிட்டர் பனி தின்றால்தான் ஒரு லிட்டர் நீர் கிடைக்கும். வாயும் புண்ணாகும்.

பாட்டிலைச் சூடான நீரால் நிரப்பி, ஜாக்கெட்டுக்கு உள்ளே, உடம்போடு ஒட்டி வையுங்கள். வெளிப்பையில்தான் வைக்க முடியும் என்றால் தலைகீழாகச் செருகுங்கள். பனிக்கட்டி மேலே மிதந்து உருவாகும், அப்போது மூடிப் பக்கம் திறந்திருக்கும். உறிஞ்சுகுழாய்ப் பைகளில் முதலில் உறைவது குழாய். குடித்து முடித்ததும் குழாய்க்குள் ஊதி நீரைப் பைக்கே திருப்பி அனுப்புங்கள். சர்க்கரையும் உப்பும் கலந்த பானம் வெறும் நீரைவிடச் சற்றுத் தாமதமாக உறையும்.

குளிரில் தாகம் தெரியாது, சிறுநீரோ அதிகம் போகும். ஆகவே தாகத்தை எதிர்பார்க்காமல் 20 நிமிடத்துக்கு ஒருமுறை நாலு வாய் குடியுங்கள். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்தும் வேண்டும். கட்டியான இனிப்புப் பட்டைகள் கல்லாகிப் பல்லை உடைக்கும், ஜெல் பசையாகிவிடும். எதுவாக இருந்தாலும் கையுறைக்குள்ளோ உள்சட்டைப் பையிலோ பத்து நிமிடம் வைத்துவிட்டு உண்ணுங்கள். பொட்டலத்தின் மூலையை வீட்டிலேயே வெட்டி வைத்தால் விரல்களை வெளியே நீட்ட வேண்டியதில்லை.

கே: இவ்வளவு குளிரில் ஓடினால் நுரையீரல் உறைந்துபோகும் என்கிறார்கள்.

ப: உறையாது. மூக்கும் தொண்டையும் மூச்சுக்குழாயும் காற்றைச் சூடாக்கியே உள்ளே விடுகின்றன. பிரச்சினை வறட்சியில் இருக்கிறது. குளிர்காற்றில் ஈரம் குறைவு. வேகமாக மூச்சு வாங்கும்போது மூச்சுக்குழாய் காய்ந்து சுருங்கி இருமலும் இரைப்பும் வரும். கழுத்துக் குழாய்த்துணியை மூக்குவரை ஏற்றிக்கொண்டால் வெளிவிடும் மூச்சின் ஈரமே திரும்ப உள்ளே வரும். அது நனைந்து உறையும்போது சுழற்றி உலர்ந்த பகுதியை முன்னால் கொண்டுவாருங்கள். முதல் 15 நிமிடம் மிக மெதுவாக ஓடுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவர் சொன்னபடி முன்கூட்டியே இன்ஹேலர் எடுத்து, அதைச் சட்டைக்குள் உடம்புச் சூட்டில் வைத்துக்கொண்டு போகட்டும். நெடும்பாதைப் பனிச்சறுக்குப் போட்டிகளுக்கே சர்வதேச விதி மைனஸ் 20-ஐ எல்லையாக வைத்திருக்கிறது. பயிற்சிக்கு அதைத் தாண்டத் தேவையே இல்லை. மைனஸ் 15-க்குக் கீழே வேகப் பயிற்சியை உள்ளரங்குக்கு மாற்றுங்கள்.

கே: முகத்தில் வாஸலின் பூசினால் பனிக்கடி வராதா?

ப: வரும். பூசினால் கதகதப்பு போலத் தோன்றும், தோலின் வெப்பம் கூடுவதில்லை. அந்தப் பொய்யான தைரியமே ஆபத்து. உராயும் இடங்களுக்குப் பூசுங்கள், முகத்துக்குத் துணியே காப்பு. வெயில் அடிக்கும் நாளில் கறுப்புக் கண்ணாடியும் வேண்டும். புதுப் பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம்வரை திருப்பி அனுப்பும்.

கே: எந்த மாதிரிப் பாதையைத் தேர்ந்தெடுப்பது? உறைந்த ஏரியின் மேல் சமமாக இருக்கிறதே.

ப: 20 கி.மீ. போய் 20 கி.மீ. திரும்பும் பாதையைவிட, கதகதப்பான ஓரிடத்தைச் சுற்றி 4, 5 கி.மீ. வட்டமாக ஓடுவது எவ்வளவோ மேல். எந்த நேரத்திலும் இரண்டரை கி.மீ.க்குள் ஒரு கதவு இருக்கும். கையுறை மாற்றலாம், சூடான நீர் நிரப்பலாம். உங்கள் தடமே இரண்டாவது சுற்றில் பாதையாகிவிடும் என்பது கூடுதல் லாபம்.

நேர்ப்பாதைதான் என்றால் எதிர்க்காற்றில் தொடங்கி, காற்று முதுகில் இருக்கத் திரும்புங்கள். மைனஸ் 15 டிகிரி, காற்று மணிக்கு 20 கி.மீ., நீங்கள் 10 கி.மீ. வேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிரே போகும்போது முகத்தில் 30 கி.மீ. காற்று அடிக்கிறது, உணரும் குளிர் மைனஸ் 26. காற்றோடு போகும்போது 10 கி.மீ. மட்டுமே, மைனஸ் 21. உலர்ந்திருக்கும்போது மைனஸ் 26-ஐத் தாங்கலாம். இரண்டு மணி நேர வியர்வையோடு திரும்பும்போது தாங்க முடியாது. உணரும் குளிர் மைனஸ் 28-ஐ எட்டினால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறையத் தொடங்கலாம்.

ஏரி வேண்டாம். ஓர் ஆள் நடக்கத் தெளிவான பனிக்கட்டி குறைந்தது 10 செ.மீ. கனம் வேண்டும் என்பது பொதுக்கணக்கு. வெண்மையான பனிக்கட்டிக்கு அதில் பாதி வலுதான். மேலே கிடக்கும் பனி கம்பளிபோல் மூடிக் குளிரை உள்ளே விடாது, விரிசலையும் மறைக்கும். ஓடை சேரும் வாய்களில் கனம் எப்போதும் குறைவு. மலைப்பகுதியில் 30 முதல் 45 டிகிரிச் சரிவுகள்தான் பனிச்சரிவுக்குப் பேர்போனவை. அவற்றின் மேல் மட்டுமல்ல, அடிவாரத்திலும் ஓடாதீர்கள். சாலையில் என்றால் எதிர்வரும் வண்டிகளைப் பார்த்தபடி, ஆரஞ்சு அல்லது சிவப்பு உடையில் போங்கள். பனிக்கட்டியில் ஓட்டுநர் நினைத்தாலும் வண்டி நிற்காது.

கே: மைனஸ் 10-லேயே போன் அணைந்துவிடுகிறது.

ப: லித்தியம் அயான் பேட்டரி குளிரில் மந்தமாகும். உள்சட்டையில் மார்போடு வையுங்கள், வியர்வை படாமல் பிளாஸ்டிக் உறையில். வீடு திரும்பியதும் சில்லென்று இருக்கும் போனை உடனே சார்ஜில் போடாதீர்கள், பேட்டரி கெடும்.

கே: ஓடும்போது விரல்நுனி வெள்ளையாகி உணர்ச்சியே இல்லாமல் போனது. கூட வந்தவர் பனியை வைத்துத் தேய்த்துவிடச் சொன்னார். சரியா?

ப: மிகவும் தப்பு. உறைந்த திசுவுக்குள் இருக்கும் பனித்துகள்களோடு தேய்த்தால் சதை கிழியும்.

வெளிறி மரத்திருக்கிறது, அழுத்தினால் இன்னும் மெத்தென்று அமுங்குகிறது என்றால் ஆரம்பநிலை. காற்று மறைவில் நின்று, உலர்ந்த உறை போட்டு, விரல்களை அக்குளில் வையுங்கள். பத்து நிமிடத்தில் ஊசி குத்துவதுபோல் வலித்துச் சிவந்தால் தப்பித்தது. ஓட்டத்தை அத்தோடு முடித்துக்கொள்ளுங்கள்.

மெழுகுபோல் வெளிறிக் கட்டைபோல் இறுகியிருந்தால் அது பனிக்கடி. வழியில் சூடேற்றாதீர்கள். சூடாக்கிய சதை மீண்டும் உறைந்தால் சேதம் பல மடங்காகும். உள்ளே வந்து, இனி உறையாது என்று உறுதியான பிறகு, 37 முதல் 39 டிகிரி வெந்நீரில் சுமார் அரை மணி நேரம் அமிழ்த்துங்கள். வெப்பத்தை முழங்கையாலோ வெப்பமானியாலோ பாருங்கள், மரத்த விரலுக்குச் சூடு தெரியாது. அதனால்தான் அடுப்பு, ஹீட்டர் பக்கம் போகக் கூடாது, வெந்துபோவதுகூடத் தெரியாது. திரும்ப உணர்ச்சி வரும்போது கடுமையாக வலிக்கும். கொப்புளத்தை உடைக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

விரலைவிடப் பெரிய ஆபத்து முழு உடம்பும் குளிர்வது. உடம்பின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் மூளை மந்தமாகும். அது மந்தமானது அவருக்கே தெரியாது. அதனால் கூட ஓடுபவர்தான் கவனிக்க வேண்டும். பேச்சு குழறுகிறதா, கால் இடறுகிறதா, சிடுசிடுப்போ அக்கறையின்மையோ வருகிறதா? கட்டைவிரலால் சுண்டுவிரலைத் தொடச் சொல்லுங்கள். முடியவில்லை என்றால் ஓட்டம் அங்கேயே முடிந்தது. காற்று மறைவுக்குக் கூட்டிப் போய், நனைந்ததைக் கழற்றி உலர்ந்ததைப் போட்டு, தலையை மூடி, அடியில் பையைப் போட்டு உட்கார வையுங்கள். நினைவோடு இருந்து விழுங்க முடிந்தால் இனிப்பான சூடான பானம் கொடுக்கலாம். மது ஒரு துளிகூடக் கூடாது. நடுங்கிக்கொண்டிருந்தவர் சூடு ஏறாமலேயே நடுக்கத்தை நிறுத்தினால், தேறிவிட்டார் என்று எண்ணாதீர்கள். அவசர உதவியை உடனே அழையுங்கள்.

கே: ஓடி முடித்த பிறகு என்ன செய்ய வேண்டும்?

ப: கதவைத் தாண்டிய ஐந்து நிமிடத்துக்குள் நனைந்த உடையைக் கழற்றுங்கள். தசையை இழுத்து நீட்டுவது, கடிகாரத்தைப் பார்ப்பது எல்லாம் அப்புறம். காரில் வந்திருந்தால் உலர்ந்த உடையும் கம்பளித் தொப்பியும் இருக்கையிலேயே தயாராக இருக்கட்டும். சூடாக ஏதாவது குடித்து, நடுக்கம் அடங்கிய பிறகு குளிக்கலாம்.

ஷூவின் உள்தட்டை வெளியே எடுத்து, செய்தித்தாளைக் கசக்கித் திணியுங்கள். ஒரு மணி நேரம் கழித்து அதை எடுத்துவிட்டுப் புதுத் தாள் வையுங்கள். ஹீட்டர் மேல் வைத்தால் சோலின் பசை விடும். அடுத்த ஓட்டம்வரை வெளி வராந்தாவில் போடாமல் வீட்டுக்குள்ளேயே வையுங்கள். குளிரில் கிடந்த நுரைச்சோல் இறுகிப்போய் முதல் சில கிலோமீட்டர் கட்டையில் ஓடுவதுபோல் இருக்கும்.